டோக்கன் போர்டு நிற்கவில்லை

என் மருமகள் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் குடியிருக்குமாம்! மதுரையில் எங்கள் பழங்காநத்தத்தில் மாடிக்கு மாடி வாடகைக்கு விடுவதுபோலத்தான். டோக்கன் நம்பர் காட்டுகிற அந்த உள் கம்ப்யூட்டரை, ஓடும்போதே பழைய பெட்டியிலிருந்து புதுப் பெட்டிக்கு மாற்றினாள். தனியாகச் செய்வது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அதே ஆஸ்பத்திரியில் கண் காட்டப் போய் உட்கார்ந்திருந்த எனக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"அத்தை, போர்டுல நம்பர் நின்னுருச்சா? நின்னா அம்புட்டுப் பேரும் என்னயத்தேன் வைவாக."

எனக்கு எழுத்து தெரியாது. பஸ் பார்த்துப் பழகியதில் நம்பர் தெரியும்.

"நாப்பது வந்திருச்சு தாயி! இந்தா, நாப்பத்தொண்ணும் வந்திருச்சு!"

"மாத்தி முடிச்சிட்டேன் அத்தை!" சந்தோஷத்தில் நான் கை தட்டிவிட்டேன்.

பக்கத்திலிருந்தவர் என் கையிலிருந்த டோக்கன் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"அம்மாச்சி, நாப்பத்தொண்ணு நீங்கதேன். டாக்டர் கூப்பிடுறாக, ஓடுங்க!"