தமாஷ் என்றால் நடப்பது

கேரள எல்லையில், வாளையார் செக்போஸ்டில் லாரிகள் காத்துக் கிடந்ததுதான் என்னைக் கெடுத்தது. எதிரிலேயே எங்கள் டீக்கடை. டீயை ஆற்றிக்கொண்டே எதையாவது சொல்வேன், டிரைவர்கள் சிரிப்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் எனக்குப் பெண் தேடத் தொடங்கியபோது, உழைப்பாளி என்று ஒரு வாய் சொல்லவில்லை. 'தமாஷ்காரன்' என்ற பேர் மட்டும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. தமிழிலும் மலையாளத்திலும் அதே சொல் என்பதால் தப்பிக்கவும் வழியில்லை.

பாலக்காட்டில் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அத்தா, அப்பாவை எங்களில் அப்படித்தான் சொல்வோம், துணிக்கடைக்காரர், அரபி படித்தவர். அவர் சிரித்து அவர் வீட்டுப் பூனைகூடப் பார்த்ததில்லை என்பார்கள். கதவிடுக்கில் ஒரு கண்ணும் அரை மூக்கும் தெரிந்தன. அது போதும், கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"தமாஷுங்கறாங்களே, அது எங்கிருந்து வந்த சொல்லுன்னு தெரியுங்களா?" என்றார் அவர்.

லாரியில் வந்திருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அரபியில அதோட வேருக்கு நடக்கறதுன்னு அர்த்தம். பாரசீகத்துக்குப் போயி, உலாத்திக்கிட்டு வேடிக்கை பாக்கறதுன்னு ஆச்சு. நம்மூருக்கு வந்துதானுங்க இளிப்பா மாறிப்போச்சு. இளிக்கறவனுக்கு எம் பொண்ணைக் குடுக்க மாட்டேன்."

என் தாய்மாமா காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கடைசியில் பெண்ணின் அத்தா ஒரு நிபந்தனை போட்டார். "மாப்பிள்ளை ஊர்வலத்துல ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டாலும் நிக்காஹ் கெடையாதுங்க."

நாங்கள் ராவுத்தர்கள்; ராவுத்தர் வீட்டு மாப்பிள்ளை குதிரையில்தான் போக வேண்டும். முன்னோர் குதிரைப்படையில் இருந்தவர்களாம். எனக்கு முன்னால் மூன்று தலைமுறை டீ ஆற்றியதைக் குதிரையிடம் யார் சொல்வது? மாமா பாலக்காடு ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஒரு ஜட்கா வண்டிக் குதிரையைப் பிடித்து வந்தார். மாலையும் நெற்றியில் கட்டிய பூச்சரமுமாக என்னை ஏற்றினார்கள். "யாராச்சும் பல்லைக் காட்டுனீங்க, தொலைச்சுப்போடுவேன்" என்று மாமா ஊர்வலத்தையே மிரட்டி வைத்திருந்தார்.

முச்சந்திவரை குதிரை ஒழுங்காகத்தான் போனது. பெண் வீடு இடப்பக்கம். குதிரை வலப்பக்கம் திரும்பி நேரே ஸ்டேஷனுக்குப் போய், ஜட்காக்களின் வரிசையில் தன் இடத்தில் நின்றுகொண்டது. பேண்டு வாத்தியமும் பின்னாலேயே வந்துவிட்டது. பெட்டியோடு நின்ற ஒருவர் என்னை அண்ணாந்து பார்த்து, "ஆஸ்பத்திரி போகுங்களா?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது.

"ஏறுன ஆளு எறங்குனாத்தானுங்க இது நகரும். ஸ்டேஷன் வந்தா எறக்கித்தானே பழக்கம்" என்றார் ஜட்காக்காரர். இறங்கினேன். நகர்ந்தது. ஏறினேன். நின்றது. வேறு வழியில்லாமல் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பெண் வீடுவரை நடந்தேன். பின்னால் வந்த குதிரை என் மாலையைத் தோள்பக்கமிருந்து தின்றுகொண்டே வந்தது. ஊரே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. என் வாழ்நாளில் அவ்வளவு கண்டிப்பான முகத்தோடு நான் இருந்ததில்லை. பார்த்தவர்களுக்கு அதுதான் பெரிய சோதனையாக இருந்திருக்க வேண்டும்.

வாசலில் பெண்ணின் அத்தா நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். குதிரையின் வாயில் தொங்கிய சாமந்தியைப் பார்த்தார்.

"நடந்தேவா வந்தீங்க?"

"ஆமாங்க மாமா. நடந்துதான் வந்தேன்."

அவர் மீசை ஆடியது. பிறகு தோள் குலுங்கியது. அப்புறம் தெருவே கேட்கும்படி ஒரு சிரிப்பு வெடித்தது. அவருடைய சிரிப்பு. வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நிபந்தனை நினைவுக்கு வந்ததும் அவரும் சட்டென்று நிறுத்திவிட்டார். என் தாய்மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அத்தா, சிரிச்சது நீங்கதானுங்களே. அதுக்கு அவரு என்னங்க பண்ணுவாரு?"

என் மனைவியின் குரலை நான் முதல்முதலாகக் கேட்டது அன்றுதான்.