பறக்கப் படிக்க ஆகும் செலவு

காலை ஐந்தரை மணிக்கு மல்லாவிச் சந்தையடியில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினேன். பிரமனாலங்குளம் வரை ஆளுக்கு நூற்றைம்பது ரூபா. நாற்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட காட்டுப் பாதை. இரண்டாயிரமாம் ஆண்டின் மாரி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சில்லுகள் சேற்றில் புதைந்து புதைந்து எழும்பின. இயக்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் தொலைபேசி கிடையாது. கனடாவிலிருக்கும் என் மனைவியின் தம்பி சேவியருடன் கதைக்க வவுனியாவுக்குத்தான் போகவேண்டும்.

“எங்கை அண்ணை பயணம்?” என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டாள். ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிறவளாம்.

“கண்ணுக்கு மருந்தெடுக்க” என்றேன். பொய்தான்.

கொழும்பில் என் தமக்கை வீட்டிலிருந்து உயர்தரப் படிப்பு முடித்த மகன், விமானம் ஓட்டத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானையில் படித்தால் பதினொரு லட்சம். கனடாவில் இருபத்து மூன்று. சேவியர் பொறுப்பேற்க ஆயத்தம். எங்கே என்பதை நான் சொல்லவேண்டும். முல்லைத்தீவில் வள்ளத்து எஞ்சின் திருத்திய நான், இடம்பெயர்ந்து வந்து மல்லாவியில் நீர்ப்பம்பி திருத்துகிறேன். அவ்வளவு காசைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் என்னைப் பயமுறுத்தியது காசல்ல. இரத்மலானையில் சேரப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். தகப்பன் இருக்குமிடம் மல்லாவி என்று எழுதினால் இயக்கத்து ஆள் என்றே சந்தேகிப்பார்கள். மல்லாவியிலோ, இவன் என்ன படிக்கப்போகிறான் என்பது இயக்கத்தின் காதில் விழுந்தால், அவனைத் தங்களுக்குத் தரச்சொல்லி வீட்டுக்கு ஆள் வரும்.

பத்து மணிக்கு, இரு தரப்புக்கும் இடையிலிருந்த சூனியப் பிரதேசத்தை நடந்து கடந்தோம். இராணுவச் சாவடியில் ஒரு சிப்பாய் என் பையைக் கொட்டிப் பார்த்தான்.

“பிள்ளை இருக்கா? எங்க?”

“கொழும்பிலை.”

நிமிர்ந்து பார்த்தான். “என்ன செய்றது?”

“படிக்கிறான்.”

“என்ன படிக்கிறது?”

“கணக்கு” என்றேன். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துவிட்டு, ஒருநாள் பாஸைத் தந்தான். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

வவுனியாவில், கடைத்தெருவிலிருந்த தொலைபேசிக் கடையில், நிமிடத்துக்குத் தொண்ணூறு ரூபா. கூண்டின் கதவு பூட்டுப்படவில்லை. வெளியே மூன்று பேர் காத்து நின்றார்கள்.

“சேவியர், மகன் வாகனம் பழகிற விஷயம்...”

“என்ன வாகனம்? பிளேனோ?” என்று கத்தினான்.

“வாகனம் எண்டு சொல்லுறன்!”

வெளியே நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஓம் அத்தான், விளங்குது. கொழும்பிலை எண்டால் பாதிக் காசு. இங்கை எண்டாலும் நான் ரெண்டு வேலை செய்து சமாளிப்பன். நீங்கள் சொல்லுங்கோ.”

“கொழும்பிலை என்ரை விலாசம் கேக்கினமாம்.”

காசு ஏறிக்கொண்டிருந்தது.

“அப்ப இங்கை அனுப்புங்கோ” என்றான். “விலாசத்துக்கு என்ரையைக் குடுக்கட்டும்.”

பின்னேரமே திரும்பினேன். திரும்பிப் பார்த்த அந்த மனிதர் பின்னால் வருகிறாரா என்று பஸ் நிலையம் வரை பார்த்துக்கொண்டே நடந்தேன். யாரும் வரவில்லை. சாவடியில் பாஸைக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தால், காலையில் வந்த அதே பெண் பெட்டியில் இருந்தாள்.

காட்டுப் பாதையில் பாதித்தூரம் வந்திருப்போம். “கிபிர்! கிபிர்!” என்று சாரதி கத்திக்கொண்டே குதித்தான். எல்லோரும் வாய்க்காலுக்குள் விழுந்தோம். குண்டு வீசும் அந்த இராணுவ விமானம் காட்டுக்கு மேலே கிழித்துக்கொண்டு போனது. தூரத்தில் எங்கோ இரண்டு குண்டுகள் விழுந்தன. சேற்றுத் தண்ணீர் அதிர்ந்தது. விமானம் மறுபடி சுற்றி வந்தது.

“இந்த நாசமாய்ப் போவானுக்கு ஆர் உந்தப் பிளேனை ஓட்டப் பழக்கினது?” என்று அந்தப் பெண் சேற்றுக்குள் முகத்தை வைத்தபடி அழுதாள். “பெத்தவள் ஒருத்தி இருப்பாள்தானே?”

அவள் தலையை என் கையால் மூடிக்கொண்டு கிடந்தேன். அந்த விமானத்துக்குள் இருப்பவனும் என் மகன் வயதாக இருக்கலாம் என்ற எண்ணம் குண்டை விடப் பயங்கரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. மனைவி சேறு படிந்த உடுப்பைப் பார்த்தாள். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“எங்கை எண்டு முடிவு?”

“கனடா. ரெண்டு மடங்கு காசு.”

அவள் குசினி வாசலில் நின்று யோசித்தாள்.

“அங்கை சனத்தை ஏத்தத்தானே பழக்குவினம்?”

“ஓம்” என்றேன். “சனத்தை ஏத்தத்தான்.”