தேசிக்காய் ஏறிய சில்லு

என் மேசை லாச்சியில் மரத்தில் செய்த ஒரு விளையாட்டுக் கார் கிடக்கிறது. உள்ளங்கை நீளம், சிவப்புப் பூச்சு, நான்கு கறுப்புப் பிளாஸ்டிக் சில்லுகள். முன் இடது சில்லை விரலால் சுண்டினால் அசையாது. அச்சாகப் பொருத்திய ஆணி துருவேறிச் சில்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாமீது கோபம் வரும். இத்தனை வருடமாகியும் ஆறவில்லை.

சிறுமியாக நான் குட்டிச் சாரணர் குழுவில் இருந்த காலம் அது. மோர்னிங்சைட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவோம். ஆண்டுக்கு ஒருமுறை மரக்கார் ஓட்டம் வரும். எல்லோருக்கும் ஒரே மாதிரி மரக்கட்டையும் சில்லுகளும் ஆணிகளும் தருவார்கள். செய்த காரைச் சரிவுப் பலகையின் உச்சியில் விட்டால் தானாக உருண்டு கீழே வரவேண்டும். கட்டையை எப்படியும் செதுக்கலாம். சில்லில் கைவைப்பதற்குத்தான் ஆயிரம் கட்டுப்பாடு. அகலம் குறையக் கூடாது, துளை போடக் கூடாது, விளிம்பு தட்டையாகவே இருக்கவேண்டும். வார்ப்பில் வந்த பிசிறை மட்டும் தேய்த்தெடுக்கலாம். ஆணிக்கு உலர்ந்த கிராஃபைட் தூள் போடலாம். எண்ணெயோ வேறு ஈரமோ பட்டிருந்தால் கார் போட்டியில் இல்லை.

இந்த விதிகளுக்குள் நின்றுகொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் எனக்குப் பித்து. சில்லைப் பென்சிலில் செருகி, மெல்லிய சாண்ட் பேப்பரில் உருட்டி உருட்டித் தேய்த்தேன். கொஞ்சம் கூடினால் விளிம்பு வளைந்துவிடும், குறைந்தால் பிசிறு தட்டும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போவார். கடைசியில் ஒரு சுண்டு சுண்டினால் சில்லு நிற்பதாக இல்லை.

போட்டிக்குப் புறப்படும் காலையில், நான் கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது கார் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்தது. ஒவ்வொரு சில்லிலும் குங்குமப் பொட்டு. பாரமில்லாத அந்தக் கார் ஏறித் தேசிக்காயை நசுக்காது என்று அப்பாவே அதைப் பாதியாக வெட்டிச் சில்லுக்கு அடியில் வைத்து, கையால் அழுத்தி உருட்டிக்கொண்டிருந்தார். எலுமிச்சைச் சாறு ஆணி வரைக்கும் ஓடியிருந்தது. நான் கத்திவிட்டேன்.

"என்ன பிள்ளை கத்துறாய்? எங்கட வீட்டின்ர முதல் வாகனம். தேசிக்காய் வைக்காமல் வெளிக்கிடுறதே?" என்றார் அப்பா.

ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்து பார்க்டேலில் இறங்கிய நாளிலிருந்து அவருக்கு ஒரு கார் வாங்க ஆசை. அதுவரை கைகூடவில்லை, எங்கும் பஸ்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுதேன். துணியால் துடைத்தும் சில்லுக்குள் போன ஈரம் வரவில்லை.

மண்டபத்தில் பரிசோதகர் சில்லைத் தொட்டார், விரலை முகர்ந்தார். நான் வாய் திறக்குமுன் அப்பா சிரித்த முகத்தோடு, "லெமன், லெமன். ஃபோர் கோட்" என்று, சாமிக்கு வைத்ததை விளங்கப்படுத்தினார். பரிசோதகருக்கே சங்கடமாகிவிட்டது. ஆனாலும் விதி விதிதான். கார் விலக்கப்பட்டது. நான் அழுவதைப் பார்த்து, எல்லாம் முடிந்தபிறகு, கணக்கில் சேர்க்காமல் ஒருமுறை ஓடவிடுகிறோம் என்றார்கள். முதற்பரிசு பெற்ற காரோடு விட்டார்கள். என் கார் அதை முந்திக்கொண்டு வந்து நின்றது.

அப்பா எழுந்து நின்று கைதட்டினார். "பாத்தியே பிள்ளை? தேசிக்காய் செய்த வேலை!"

அது நான் செய்த வேலை. என் சில்லு செய்த வேலை. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் தேசிக்காய்க் கதையைச் சொன்னார். உலர்ந்த சில்லோடு ஓட்டிக் காட்டி அவர் வாயை அடைக்கலாம் என்று கொஞ்ச நாள் கழித்துக் காரை எடுத்தால், ஆணி துருப்பிடித்திருந்தது. எனக்கென்று இருந்த ஒரே சாட்சியையும் தேசிக்காய் தின்றுவிட்டது.

போன மாதம் என் மகனுக்கு அதே ஓட்டம். சில்லுகளைத் தானே தேய்த்தான், விதி பிசகாமல். வோபர்னில் எங்களோடு இருக்கும் அப்பா காலையில் மெல்லக் கேட்டார். "தேசிக்காய் கிடக்கோ பிள்ளை?"

"இல்லையப்பா. முடிஞ்சுது."

தேசிக்காய்கள் ஃப்ரிட்ஜில் கீரைக்கட்டுக்குப் பின்னால் இருந்தன. நான்தான் ஒளித்திருந்தேன்.

மகனுடைய கார் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லாமல் தேறி, முதல் சுற்றிலேயே தோற்றது. திரும்பி வரும்போது நான் காரை ஓட்ட, அப்பா முன் இருக்கையில் இருந்தார். தேசிக்காய்ப் பேச்சை எடுத்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். பின்னாலிருந்து மகன்தான் கேட்டான்.

"அம்மா, நெக்ஸ்ட் டைம் தாத்தா சொன்ன மாதிரி தேசிக்காய் வைப்பமா?"

அப்பா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் சிரிப்பில் குலுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் லாச்சியைத் திறந்து அந்தச் சில்லைச் சுண்டினேன். பலம்கொண்ட மட்டும் இன்னொருமுறை சுண்டினேன். எனக்காக அது அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை.