ஸ்டாலின்கிராட்டில் சூரியனுக்கு ஒரு மிடறு

காலை 4.35. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில் இந்த நேரத்துக்கு எழும்புகிறவளுக்கு ஒன்றில் கோயில் இருக்கவேண்டும், அல்லது விசர் இருக்கவேண்டும். எனக்கு இரண்டும் கொஞ்சம் இருந்தது. பாரிஸின் புறநகர் செவ்ரானில் எங்கள் ஐந்தாம் மாடி யன்னலுக்கு வெளியே வானம் கழுவாத பால்சட்டியின் நிறத்தில் கிடந்தது. பையில் ஒரு சீப்புக் கதலி, மூன்று யூரோ ஐம்பது. ஒரு தேங்காய், இரண்டு யூரோ. முதல்நாள் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் வாங்கியவை. சூரியனிடம் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

என்னை அழைத்தவள் மார்த்தா. பெரு நாட்டில் குஸ்கோவுக்குப் பக்கத்து மலைக்கிராமத்துக்காரி. லா ஷப்பல் உணவகம் ஒன்றில் நான் மரக்கறி வெட்டுகிறேன், அவள் அதே குசினியில் எட்டு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறாள். போன மாரியில் என் மகள் நிலா மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மார்த்தா தன் வேலையை முடித்துவிட்டு என் வேலையையும் செய்தாள். முதலாளி எனக்குப் பதில் வேறு ஆள் தேடாமல் இருந்தது அவளால்தான். "உனக்கு நான் என்ன செய்ய?" என்று கேட்டேன். ஜூன் மாதம் பாரிஸில் தன் ஊரவர்கள் இன்டி ராய்மி கொண்டாடுவார்கள், அது இன்கா காலத்துச் சூரியத் திருநாள் என்றாள். "வா பவானி. என்ரை ஆக்களுக்கு முன்னாலை என்னோடை நில். அது காணும்."

நாங்கள் பேசுவது பிரெஞ்சு, இருவருக்கும் அது ஓட்டைப் பிரெஞ்சு. இங்கே அவளை என் தமிழிலேயே பேச விடுகிறேன்.

4.58, முதல் ரெயில். பெட்டியில் பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் அரைத்தூக்கம். எதிரே துப்புரவுக் கொம்பனியின் மேலங்கி போட்ட தமிழ்ப் பெடியன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"எங்கை அக்கா, கோயிலுக்கோ?"

"ஓம் தம்பி, ஒரு மாதிரிக் கோயில்தான்."

"இந்த நேரம் எந்தக் கோயில் திறக்குது?"

"சூரியன்ரை."

அவன் என் பையையும் முகத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பதினேழு கிலோமீற்றர், இருபத்தைந்து நிமிடம். நானும் இடையில் நித்திரையாகிவிட்டேன் போலும், கார் து நோர் நிலையம் கனவுக்குள் வந்து நின்றது.

5.25. ரூ து ஃபொபூர் சேன்-தெனி வழியாக மேலே நடந்தேன். ஆண்டுக்கணக்காக நான் இடிபட்டு நடக்கும் தெரு இது, அன்று அதில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான். கடைகளின் கம்பிக் கதவுகளின் பின்னால் புடவை கட்டிய பொம்மைகள் ஒருத்தரையும் பாராமல் நின்றன. நேற்றைய கொத்துரொட்டியின் மணம் ஈரக் கடதாசிப் பெட்டிகளோடு கலந்து வந்தது. மெத்ரோ மேம்பாலத்தின் கீழே, கால்வாய் தொடங்கும் ஸ்டாலின்கிராட் சதுக்கம் முக்கால் கிலோமீற்றர். புறாக்கள்கூட இன்னும் இறங்கியிருக்கவில்லை.

5.45. கால்வாய்க்கரையில் முப்பது பேரளவில் நின்றார்கள். தண்ணீரின் மேல் மெல்லிய பனிப்புகார். நெருப்பு மூட்ட அனுமதி இல்லையாம், அதனால் நிலத்தில் நெய்த துணி ஒன்றை விரித்துச் சோளப்பொத்திகளும் பூக்களும் வைத்திருந்தார்கள். என் கதலியும் தேங்காயும் அதில் போய்ச் சேர்ந்தன. துணியைக் கண்டதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். வேறு யாரும் கழற்றவில்லை. மார்த்தா என் வெறுங்காலைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானும் கழற்றினாள்.

"எங்கடை ஊரிலை இண்டைக்குத்தான் மிகச் சின்னப் பகல். சூரியன் விட்டிட்டுப் போயிடுமோ எண்டு பயந்து, திரும்பி வா எண்டு கூப்பிடுறம்," என்றாள்.

"இஞ்சை இதுதானே மிகப் பெரிய பகல்?"

"ஓம். இஞ்சை கூப்பிடத் தேவையில்லை. எண்டாலும் கூப்பிடுறம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் மட்டும் என்னவாம்? தை மாதம் காலை எட்டரைக்கும் விடியாத ஊரில், யன்னலைத் திறந்து, மின்னடுப்பில் பொங்கல் பொங்கி, இல்லாத சூரியனைப் பார்த்துக் கும்பிடுகிறோம். அவர்கள் வந்துவிட்ட சூரியனை அழைக்கிறார்கள், நாங்கள் வராத சூரியனுக்குப் படைக்கிறோம்.

6.10. கால்வாயின் அந்தத் தலைப்பில், மாடிகளுக்கு மேலே அது வந்தது. யாரோ குழல் ஊதினார்கள். தண்ணீர் முழுக்க ஒரேயடியாகப் பொன்னாயிற்று. எல்லோரும் கைகளை விரித்து உயர்த்தினார்கள், என் கைகள் தலைக்கு மேலே குவிந்தன. நிலா சுகமாக வீட்டில் படுத்திருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை.

அதன் பிறகு கோப்பை வந்தது. காய்ந்த சுரைக்காயை அரைவாசியாக வெட்டிச் செய்த கோப்பை, உள்ளே மார்த்தா வீட்டில் புளிக்க வைத்த சோளப் பானம். நிலத்துக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு ஒரு மிடறு குடித்து, பக்கத்தவரிடம் கொடுக்கவேண்டும். மார்த்தா குடித்து என்னிடம் நீட்டினாள். நான் இரு கையாலும் வாங்கினேன், நிலத்துக்கு ஊற்றினேன். பிறகு எனக்குத் தெரிந்த மரியாதைப்படி, தலையை அண்ணாந்து, கோப்பையை ஒரு சாண் உயர்த்தி, ஒரு சொட்டும் சிந்தாமல், உதடு படாமல் வார்த்துக் குடித்தேன்.

அடுத்து நின்ற மனிதர் கோப்பையை வாங்கிக் குடிக்காமலே மற்றவருக்குக் கொடுத்தார். மார்த்தாவின் காது சிவந்திருந்தது.

"எட்டு வருசமாப் பாக்கிறன்," என்றாள் தாழ்ந்த குரலில். "குசினியிலை தண்ணிப் போத்தலையும் இப்பிடித்தான் குடிப்பாய். நான் ஒண்டும் கேக்கேல்லை. இண்டைக்குக் கேக்கிறன். எங்கடை வாய் உனக்கு அருவருப்போ?"

"ஐயோ, இல்லை மார்த்தா. என்ரை வாய் பட்டதை மற்றவைக்குக் குடுக்கக்கூடாது. அது எங்களுக்கு மரியாதை."

"இஞ்சை வாய் படவேணும். அதுக்குத்தான் ஒரு கோப்பை."

கோப்பை இரண்டாம் சுற்று வந்தது. கட்டின மனிசனின் கோப்பையில்கூட நான் வாய் வைத்ததில்லை. மார்த்தா குடித்த இடத்தில் விளிம்பு ஈரமாக இருந்தது. அதே இடத்தில் உதட்டை வைத்தேன். பழங்கஞ்சியின் புளிப்பு. அடுத்த மனிதர் இந்தமுறை குடித்தார். மார்த்தா என் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தக் கோப்பை கையில் இருந்தபோது அதன் வடிவம் எனக்குப் பழக்கமாக இருந்தது. எங்கே கண்டது என்று பிறகுதான் தெரிந்தது.

8.15. திரும்பும்போது மார்த்தா லா ஷப்பல் வரைக்கும் கூட வந்தாள். கடைக் கதவுகள் ஒவ்வொன்றாக உயர்ந்துகொண்டிருந்தன. ஒரு கடையில் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கினேன், ஒரு யூரோ. "என்ன அக்கா, காலங்காத்தாலை?" என்றார் கடைக்காரர். "சும்மா அண்ணை," என்றேன். வெளியே வந்து, மேம்பாலத் தூணுக்குப் பக்கத்தில் நின்று அவளிடம் சொன்னேன்.

"மரியாதை எண்டு சொன்னது பொய்யில்லை. ஆனா முழுசும் அதில்லை. யாழ்ப்பாணத்திலை எங்கடை வீட்டு வேலியிலை ஒரு சிரட்டை செருகியிருக்கும், தேங்காய்ச் சிரட்டை. தோட்டத்திலை வேலை செய்யிற ஆக்களுக்கு அதிலைதான் தண்ணி. வீட்டுச் செம்பிலை அவையின்ரை வாய் படக்கூடாது. சாதி. அப்பா வார்ப்பார், நானும் வார்த்திருக்கிறன். அண்ணாந்து குடிக்கிறதையும் அந்த வீட்டிலைதான் பழகினனான்."

தலைக்கு மேலே மெத்ரோ ஒன்று போய் முடிந்தது.

"எங்கடை ஊரிலை பண்ணைக்காரன்ரை வீடு இருந்தது," என்றாள். "வாசலிலை ஒரு தகரக் குவளை தொங்கும். வேலையாக்களுக்கு. என்ரை அம்மா அதிலைதான் குடிச்சவ."

என்னால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெரு விடிந்து சத்தம் போடத் தொடங்கியிருந்தது.

மார்த்தா என் கையிலிருந்த போத்தலை வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, வாய் வைத்து நாலு மிடறு குடித்தாள். துடைக்கவில்லை. அப்படியே என்னிடம் நீட்டினாள்.

"குடி. வெயில் ஏறுது."

குடித்தேன்.