ஏரித் தண்ணீரில் அலசிய புத்தகம்

எங்கள் ஏரியைப் பற்றிய புத்தகத்தின் கடைசிப் பிரதியைத் தொலைத்தது நீங்கள்தான், நூலக அதிகாரி ஐயா. பழியைப் புயல்மேல் போடாதீர்கள்.

அது சின்னப் புத்தகம். இங்கே வாத்தியாராக இருந்த ஒருவர் மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்தது. எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும், ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த முறையில் வலை போட வேண்டும் என்கிற பாடு வழக்கம், எல்லாம் அதில் இருந்தது. நடுவில் சில பக்கங்கள் என் நைனா சொன்னது, அவர் பேசின மாதிரியே. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டில் அவர் போட்டோகூடக் கிடையாது. அவர் போன பிறகு அவர் பேச்சு எனக்கு அந்தப் பக்கங்களில்தான் இருந்தது. வாத்தியாரும் காலமாகிவிட்டார்.

எங்கள் ஊர் நூலகக் கூரை ஒழுகுகிறது என்று ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். யாரும் வரவில்லை. புயல் மழையில் தண்ணீர் உள்ளே ஏறி, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் சேற்றில் கிடந்தன, அந்தப் புத்தகமும்தான். உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். கழுவிக் காயப்போடச் சொன்னார்கள். எந்தத் தண்ணீரில் என்று சொல்லவில்லை.

நல்ல தண்ணீர் எங்களுக்கு லாரியில் வருவது. குடிக்கவே பத்தாது. மீனில் ஒட்டின சேற்றை ஏரியின் உப்புத் தண்ணீரில்தான் அலசுவோம். புத்தகங்களையும் அப்படியே அலசினோம். கருவாடு காயவைக்கிற வலைமேல் விரித்தோம். வலை போடும் பாடுக்கு முறை வைக்கிற மாதிரி வீட்டுக்கு ஒரு நாள் வைத்தோம். அன்றைய முறைக்காரர் காக்கா ஓட்ட வேண்டும், பக்கம் புரட்ட வேண்டும்.

"இன்னா அண்ணி, மஞ்சத்தூளும் தடவிடலாமா? இன்னும் நாள் தாங்கும்" என்றாள் என் நாத்தனார். சிரித்தோம். எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்தன. காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

உப்பு உள்ளேயே இருந்திருக்கிறது. அடுத்த மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்தது. கருவாடு நமுப்பது மாதிரி பக்கங்கள் நமுத்து ஒட்டிக்கொண்டன. பூசணம் பிடித்தது. ஆனாலும் நைனாவின் பக்கங்களை மெதுவாகப் பிரித்தால் படிக்க முடிந்தது.

அப்போதுதான் உங்கள் ஆட்கள் வந்தார்கள். கருவாட்டு நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, மூட்டை கட்டி, பழைய பேப்பர் வண்டியில் ஏற்றினார்கள். அந்த ஒன்றை மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். அரசாங்கச் சொத்தாம், கொடுக்க முடியாதாம். பெரிய நூலகத்தில் இன்னொரு பிரதி பத்திரமாக இருக்கும், அங்கே போய்ப் படியுங்கள் என்றார்கள்.

மீன் கூடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, பொன்னேரி போய் ரயில் பிடித்து அந்தப் பெரிய நூலகத்துக்கு வந்தேன். நீங்கள்தான் உட்கார்ந்திருந்தீர்கள். கம்ப்யூட்டரில் பார்த்தீர்கள்.

"அது உங்க ஊர்லயே இருக்குதேம்மா. அதனாலதான் எங்க பிரதியைக் கழிச்சுட்டோம்."

"எங்க ஊர்ல இருந்ததை உங்க ஆளுங்கதான் தூக்கிட்டுப் போனாங்க."

திரும்பவும் பார்த்தீர்கள். "இல்லம்மா, இருக்குதுனுதான் காட்டுது."

எனக்கு அழுகை வரவில்லை. ஊருக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்து வந்தேன். பக்கத்தில் ஒரு பெண் பூ கட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் வழக்கம்போல மீன் விற்கப் போனேன். நைனா அந்தப் பக்கங்களில் முதலில் என்ன சொன்னார் என்று யோசித்தேன். பாதி வரி வந்தது. மீதி வரவில்லை.

தண்ணீர் விஷயத்தில் தப்பு எங்களுடையது. தெரிந்திருந்தால் லாரித் தண்ணீரில் ஒரு குடம் ஒதுக்கியிருப்போம். உங்கள் பிரதியைக் கழிக்கும் முன் நீங்கள் எங்கள் ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டீர்களா?

வலை போடும் பாடு விஷயத்தில் தகராறு வந்தால் எங்கள் ஊர்க் கூட்டத்தில் சம்பந்தப்பட்டவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதுதான் வழக்கம். நீங்களும் வாருங்கள். அந்தப் புத்தகம் இன்னும் எந்த நூலகத்திலாவது இருக்கிறதா என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். எங்கேயும் இல்லையென்றால், இல்லை என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.