பெர்சிஸ் சொல்லாமல் விட்டது

கால் டாக்சி ஓட்டும் ஆறு வருடத்தில் பெர்சிஸ் யாரையும் வாய்விட்டுத் திட்டியதில்லை. மனதில் குறித்துக்கொள்வாள். அதில் முதல் பெயர் எத்திராஜ்.

ராயபுரத்தில் இருவரும் குடியிருந்த சந்தில் ஒரு வண்டி நின்றால் இன்னொன்று போவது கஷ்டம். நிற்கிற வண்டியின் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டுத்தான் கடப்பார்கள். எத்திராஜ் மட்டும் தன் குட்டியானை லோடு வண்டியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, பெர்சிஸின் கண்ணாடியை மேலிருந்து கீழாக ஒரு குத்து விடுவான். அவள் வண்டி நிற்கும் இடம் முன்பு தன்னுடையது என்பது அவன் கணக்கு.

"பொம்பள வண்டிக்கு கண்ணாடி எதுக்கும்மே? பவுடர் போடவா?"

குத்துப்பட்டே மூட்டு தளர்ந்தது. நிமிர்த்தி வைத்தால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் கவிழ்ந்து பின்சக்கரத்தைக் காட்டும். வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு விரலால் தொட்டார், தொங்கிவிட்டது. "சரி பண்ணிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினார். எஃப்.சி. இல்லாமல் டாக்சி ஓடாது.

கடையில் முழு செட்டும் மாற்றச் சொன்னார்கள். வர ஒரு வாரமாகும் என்றார்கள். பெர்சிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். மூட்டில் அப்பியிருந்த கரித்தூளைப் பெட்ரோல் துணியால் துடைத்தாள். சைக்கிள் டியூப் துண்டை இடுக்கில் திணித்து, எம்-சீல் பசையைப் பிசைந்து சுற்றிலும் அப்பினாள். மறுநாள் மாட்டிப் பார்த்தால் மூட்டு கல்லாக இறுகி, கண்ணாடி திருப்ப முடியாமல் மின்கம்பியையும் காக்காயையும் காட்டியது. அரைநாள் உளியால் கொத்தினாள்.

இரண்டாம் முறை முதலில் கதவில் மாட்டினாள். சீட்டில் உட்கார்ந்து, பின்னால் வருவது தெரிகிறபடி திருப்பி, கயிற்றால் கட்டினாள். அப்புறம்தான் எம்-சீல். எஃப்.சி. கிடைத்தது.

அடுத்த காலை எத்திராஜ் வழக்கம்போல் குத்தினான். கண்ணாடி அசையவில்லை. கையை உதறிக்கொண்டே இறங்கி வந்தான்.

"இன்னாத்தம்மே போட்டு ஒட்ன? வெள்ளிக்கெழம என் வண்டிக்கும் எஃப்.சி. கீது. கண்ணாடி லொடலொடன்னு ஆடுது."

பெர்சிஸ் நிதானமாகச் சொன்னாள். "கயட்டி நல்லா தொடைண்ணா. டியூப் துண்டு வெய்யி. எம்-சீல் அப்பி ராத்திரி முச்சூடும் காய வுடு. காலைல மாட்டிக்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை காலை எத்திராஜ் சீட்டில் சரிந்தும் நிமிர்ந்தும் கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அது அசையவில்லை.

"இன்னாம்மே இது, வானத்தக் காட்டுது?"

"மழ வந்தா மொதல்ல உனுக்குத்தான் தெரியும்ண்ணா."

குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பூவம்மா சிரித்துவிட்டாள். எத்திராஜின் முகம் கறுத்தது.

"தெரிஞ்சேதான சொல்லாம வுட்ட?"

"நீ தெரியாமயா குத்திக்கினு இருந்த?"

அன்று எஃப்.சி.க்குப் போக முடியாது என்பது இருவருக்கும் தெரிந்தது. பெர்சிஸ் தன் வண்டியில் ஏறி ஹாரன் அடித்தாள். வழியை அடைத்து நின்ற குட்டியானையை அவன்தான் பின்னால் எடுக்க வேண்டும். கழுத்தை வெளியே நீட்டி, சுவரில் உரசி உரசி, அங்குலம் அங்குலமாக நகர்த்தினான்.

டோல்கேட்டில் சவாரி காத்திருந்தது. பெர்சிஸ் இரண்டாவது ஹாரன் அடிக்கவில்லை. அவன் சந்து முனை சேரும்வரை ஸ்டியரிங்கில் கைவைத்து முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.