மருந்துக்கு ஒதுக்கிய சம்பளம்

டிசம்பர் பிறந்தால் எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கண் மங்கிவிடும். நியூ ஜெர்சியில் மின்கருவிகளுக்குக் கம்பி பொருத்தும் இடம் அது. நவம்பர் வரைக்கும் தலைமுடி அளவுக் கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு கோத்தவர்கள்கூட டிசம்பர் இரண்டாம் வாரத்தில் புதுக் கண்ணாடியோடு வந்து நிற்பார்கள். பக்கத்து மேசை டோரத்திக்கு முகத்தில் ஒன்று, கழுத்துச் சங்கிலியில் ஒன்று, கைப்பையில் கறுப்புக் கண்ணாடி ஒன்று. பல் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வந்த முதல் வருடம், இந்த நாட்டுக் குளிர்தான் கண்ணையும் பல்லையும் சேர்த்துக் கெடுக்கிறதாக்கும் என்று நினைத்து நான் கம்பளித் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

விஷயம் பிறகுதான் விளங்கியது. இங்கே சில கம்பனிகளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வருகிற வருடம் வைத்தியத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று நவம்பரிலேயே நாம் ஒரு தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையைக் கிழமைக்குக் கிழமை சம்பளத்தில் பிடித்து ஒதுக்கி வைப்பார்கள். வரி வெட்டுவதற்கு முன்பே பிடிப்பதால் அந்தக் காசுக்கு வரி இல்லை. டாக்டருக்கோ மருந்துக்கோ நாம் கொடுத்ததற்கு ரசீது நீட்டினால் அதிலிருந்து திருப்பித் தருவார்கள். ஆனால் வருடம் முடிவதற்குள் நோயாளியாகாவிட்டால் மிச்சக் காசு போனது போனதுதான். அதனால்தான் டிசம்பரில் இத்தனை கண்ணாடிகள்.

எங்கள் வீட்டில் இந்தப் படிவத்தை நிரப்பியவர் என் கணவர் அந்தோனி. இலங்கையில், பதுளை பஜாரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்த அச்சகம் எரிந்த பிறகுதான் ஒரு பாதிரியாரின் தயவில் நாங்கள் இங்கே வந்தோம். அச்சடித்த தாளில் வெற்றுக்கோட்டைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. என் பெயரில் ஒரு தொகையை எழுதி என் முன்னால் வைத்தார்.

“வராத நோய்க்கு இப்பவே காசு கட்டுறதா? வா வான்னு கூப்புடுற மாதிரி இல்லீங்களா?” என்றேன்.

“வராட்டி நீயும் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்க. போடு புள்ள கையெழுத்த.”

போட்டேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு, குளிக்கும்போது, என் இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டிருந்தது. கடலை அளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் ரசீது வரும், ரசீதில் நோயின் பெயர் இருக்கும், அது எங்கள் கம்பனிக் கந்தோரில் சம்பளக் கணக்குப் பார்க்கும் லிண்டாவின் மேசைக்குப் போகும். வேலை கொடுப்பவனிடம் போய் எனக்கு இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பதா? அதைவிடக் கட்டியோடு இருப்பது மேல் என்று எனக்குத் தோன்றியது. இதை வாசிக்கிற தோட்டத்துப் பெண்களுக்கு இந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் பிறந்தது லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’ என்று கணக்கு. காலையில் மலைக்குப் பிந்திப் போனால் அரைப்பேர். தோட்டத்து மருந்துச் சாலைக்குப் போனால் அன்றைக்குப் பேரே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. மருந்துக்காரர் எழுதும் புத்தகம் மாலையில் தோட்டத்துக் கந்தோருக்குப் போகும். எங்கள் தோட்டத்தில் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். யார் யார் அடிக்கடி வருகிறார்கள் என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னால், அந்தப் பெயர்களை வாசிப்பார். “இவுங்களுக்கெல்லாம் ஒடம்பு முடியலையாம். காம்பராவ காலி பண்ணிட்டு ஆஸ்பத்திரியிலயே குடியிருக்கச் சொல்லுங்க” என்பார். சிரிப்பு எழும். சிரித்தவர்கள் காய்ச்சல் அடித்தாலும் மலைக்குத்தான் போவார்கள். லயம் என்கிற வரிசை வீட்டில் காம்பரா, அதாவது குடியிருக்க ஓர் அறை, வேண்டுமென்றால் அந்த வீட்டில் ஒருவருக்காவது வேலைப் பதிவு இருக்க வேண்டும். எங்கள் அப்பா மண் சரிந்து செத்துப்போன பிறகு எங்கள் காம்பரா அம்மாவின் பதிவில்தான் நின்றது.

அம்மாவின் கட்டி எனக்குத் தெரிந்தபோது எனக்குப் பதினைந்து வயது. கொழுந்துக் கூடையை இறக்கும்போது முகத்தைச் சுளித்தார். கேட்டால், அட்டை கடித்தது என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு சட்டையில் நீர் கசிந்தது. தோட்டத்துக்கு லீவு விட்ட ஒரு நாள், காலை பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் நல்ல மனிதர். உடனே படுக்க வேண்டும், வெட்டி எடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

“நாளைக்கி பெரட்டு இருக்குங்க ஐயா. இந்தக் கொழுந்து முடியட்டும், வந்துர்றேன்” என்றார் அம்மா.

மலையில் கொழுந்து என்றைக்கு முடிந்திருக்கிறது? ஏழு மாதம் கழித்து அம்மா அதே காம்பராவில் செத்துப்போனார். என்னைவிட ஒரு வயது சின்னவளான என் தங்கச்சி செலினா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவின் கூடையை எடுத்தாள். காம்பரா தப்பியது. மூத்தவள் நான் பதுளைக் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்தேன். யார் போவது, யார் இருப்பது என்று நாங்கள் பேசி முடிவு செய்யவே இல்லை. எனக்குப் படிப்பு வரும் என்று அவளே சொல்லி என் பெட்டியைக் கட்டினாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆக, இங்கே ஒரு வருடம் முழுக்க என் சம்பளத்தில் மருந்துக் காசு பிடிபட்டது. நான் ஒரு ரசீதும் கொடுக்கவில்லை. கட்டி கடலையிலிருந்து நெல்லிக்காய் ஆயிற்று. டிசம்பரில் ஒரு நாள் லிண்டா என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார். மேசையில் என் பெயர் எழுதிய கோப்பு திறந்திருந்தது. கதவுப் பக்கமே நின்றுகொண்டேன்.

“நீங்கள் மருத்துவத்துக்காக ஒன்றுமே கேட்கவில்லையே?” என்றார்.

“எனக்கு நோய் இல்லை, மேடம். நான் நல்ல பலசாலி. ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை” என்றேன். கையை நீட்டி மடக்கிக்கூடக் காட்டினேன்.

லிண்டா சிரித்துவிட்டார். “அதிர்ஷ்டக்காரி. ஆனால் காசு வீணாகப் போகிறதே. முப்பத்தொன்றாம் திகதிக்குள் எதையாவது செய்துகொள்ளுங்கள்.”

அவர் காசைப் பற்றித்தான் பேசினார். எனக்குக் கேட்டதோ கணக்கப்பிள்ளையின் குரல். சுகமாக இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும்போல் இருந்தது. அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கண்ணாடி வாங்கினேன். கண்ணைச் சோதித்தவர் எனக்குப் பார்வை மிக நன்றாக இருக்கிறது என்றார். அப்படியானால் வெயிலுக்குப் போடுவதையாவது தாருங்கள் என்று கெஞ்சினேன். அவரும் மேசை வேலைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று எழுதித் தந்தார்.

கண்ணாடிகளைப் பார்த்ததும் அந்தோனிக்கு வாயெல்லாம் பல். “பாத்தியா, கெட்டிக்காரி ஆகிட்டியே! கண்ணு என்னா, மங்கலா தெரியுதா?”

“கண்ணு நல்லாத்தாங்க இருக்கு” என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “ஒரு வருசமாவா? ஒரு வருசமாவா?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள் அவரும் வேலைக்குப் போகவில்லை, என்னையும் விடவில்லை. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

ஜனவரியில் மார்பை எடுத்தார்கள். இன்னும் மூன்று மாதம் பிந்தியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை என்றார் டாக்டர். பெரிய செலவைக் காப்புறுதி பார்த்துக்கொண்டது. நவம்பரிலேயே புது வருடத்துக்கும் படிவம் நிரப்பியிருந்த அந்தோனிதான் எங்கள் பங்குக்கு வந்த ரசீதை லிண்டாவிடம் கொடுத்தார். பத்து நாளில் காசோலை வந்தது. கூடவே என் வரிசையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு பூப்படம் போட்ட அட்டையும் வந்தது. ஐயோ, எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே என்று அதைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன். ஆனால் திரும்பிப் போனபோது என் நாற்காலி என் நாற்காலியாகவே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் என்னை இன்று வரை தூங்கவிடவில்லை. அம்மாவுக்கு என்ன நோய் என்று கேட்டுக்கொண்டவர், “உங்களுக்குச் சகோதரி உண்டா?” என்றார். உண்டு என்றேன். “அவர் உடனே சோதித்துப் பார்க்க வேண்டும். இன்றே சொல்லுங்கள்” என்றார்.

இன்றே சொல்வதாம். செலினா இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கற்ற நாலு எழுத்தும் மறந்துபோய், அவளுக்கு இப்போது கடிதம் வாசிக்க வராது. என் கடிதங்களை லுணுகலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ரஷீத் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்) கடையில் வைத்து வாசித்துக் காட்டுவார், பதிலும் அவரே எழுதுவார். சாமான் வாங்க வந்தவர்கள் நிற்க, ஓர் ஆண்பிள்ளை சத்தம் போட்டு வாசிக்கும் கடிதத்தில் மார்பு என்று எப்படி எழுதுவது? அதுவரை எல்லாக் கடிதத்திலும் நான் நல்ல சுகம் என்றே எழுதி வந்தவள். இந்த முறை, “அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்தது. எடுத்துவிட்டார்கள். நீயும் பதுளைக்குப் போய்க் காட்ட வேண்டும். காசு அனுப்புகிறேன்” என்று எழுதினேன். அவளுக்கு விளங்கும்.

ஐந்து கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. “அக்கா, எனக்கு ஒன்னுமில்ல. நல்ல சொகம். இப்ப கொழுந்து கூடுதலா இருக்கு, லீவு குடுக்க மாட்டாங்க. நீங்க ஒடம்ப பாத்துக்குங்க.” அதற்குக் கீழே, வேறு மையில், நானா தன் பாட்டுக்கு எழுதியிருந்தார்: “தங்கச்சி, இது செலினா சொல்லி எழுதுறதில்ல. மாவுப் பைய முந்தி மாதிரி தூக்க மாட்டேங்குது. இடது கைய ஒடம்போட ஒட்டி வச்சிருக்கு. கேட்டா கோவப்படுது.”

இந்த நவம்பரில் படிவத்தை நானே நிரப்பினேன். தொகையைக் கூட்டினேன். குடும்பத்தார் என்ற இடத்தில் அந்தோனியின் பெயரை எழுதி, அதன் கீழே செலினா, லுணுகலை என்றும் எழுதினேன். லிண்டா கூப்பிட்டு, இவர் உங்களோடு வசிக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். உங்கள் செலவில் வாழ்கிறாரா என்றார். அவள் செலவில்தான் நான் வளர்ந்தேன் என்று இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் நின்றேன். “மன்னிக்க வேண்டும்” என்று சொல்லி லிண்டா அந்தப் பெயரின் மேல் மெல்லக் கோடு இழுத்தார்.

அனுப்பிய காசை நானா கடையில் பத்திரமாக வைத்திருக்கிறார். அவள் தொடவில்லை. இதை அங்கே வாசிக்கிற யாராவது லுணுகலைப் பக்கம் போனால் அவளை ஒரு நாள் பதுளைக்குக் கூட்டிப் போங்கள். ஆஸ்பத்திரி என்று சொல்லாதீர்கள், வரமாட்டாள். அக்காவுக்காக மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்று சொல்லுங்கள், வருவாள். என் உடம்பில் இருந்ததை இங்கே எடுத்துவிட்டார்கள். மிச்சம் அங்கே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறது.